பிறந்த நேரம் இல்லாதவர்களுக்குப் பத்துப் பொருத்தம்

என்னைப் பெண் பார்க்க வந்த முதல் மாப்பிள்ளையை எங்கள் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டது நான் எழுதிய புரோகிராம்தான். இதை மறுக்க வழியில்லை. ஒரு வேன் நிறையச் சாட்சிகள் இருக்கிறார்கள். எல்லோரும் உயிரோடும் நல்ல ஞாபகசக்தியோடும் இருக்கிறார்கள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கண்டியில் இரண்டு வருட மென்பொருள் டிப்ளோமா முடித்துவிட்டு, மாத்தளை டவுனில் நவாஸ் நானாவின் கம்பியூட்டர் சென்டரில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. சமாதானப் பேச்சுவார்த்தை முறிந்து, சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாகத் திரும்ப முளைத்துக்கொண்டிருந்த காலம். சென்டர், சைக்கிள் சாமான் கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில் டைப்பிங் வகுப்பு. பின்னறையில் நான். கதவில் ‘மென்பொருள் பிரிவு’ என்று நானே அச்சடித்து நானே ஒட்டியிருந்தேன். (பிரிவில் வேறு ஆள் கிடையாது. கதவுக்குப் பூட்டும் கிடையாது.) ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் என்ன வேலை என்று கேட்டால், “சொன்னா உங்களுக்கு விளங்காதுங்க” என்பேன். அவ்வளவு அடக்கம்.

எங்கள் பிரிவுக்கு வந்த முதல் பெரிய வேலை செல்லையா மாஸ்டருடையது. அவர் ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர், அப்போது முழுநேரக் கல்யாணத் தரகர். மாவட்டத்தில் எந்தத் தோட்டத்தில், எந்த வீட்டில், கல்யாண வயதில் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருடைய தோல் பைக்குள் இருந்தது. அந்தப் பையைச் சுமந்து தோள் நோகிறது, இனி எல்லாம் வெப்சைட்டில் இருக்கட்டும் என்றார். பெண்ணின் விவரத்தையும் மாப்பிள்ளையின் விவரத்தையும் கொடுத்தால் பத்துப் பொருத்தத்தில் எத்தனை பொருந்துகிறது என்று கம்பியூட்டரே சொல்ல வேண்டும். அவர் சொல்லி முடிக்கும் முன்பே முடியும் என்றேன். முடியாது என்று சொல்ல அந்த வயதில் எனக்குத் தெரியாது.

வெப்சைட்டை எழுத ஒரு பிரேம்வர்க் எடுத்துக்கொண்டேன். வீடு கட்டுபவருக்குத் தூணும் நிலையும் கூரைச் சட்டமும் தயாராக வந்து இறங்குவது போன்றது அது. சுவரை மட்டும் நாம் எழுப்பினால் போதும். அதன் கையேட்டில் இருபது அத்தியாயம். நான் வழக்கம்போல் ஒரு பட்டியல் போட்டேன். பட்டியல் போடாமல் நான் தேங்காய்கூடத் துருவ மாட்டேன். பதினான்கு வேலைகள். பதின்மூன்றாவது, பொருத்தம் வந்ததும் திரையில் பூ விழ வேண்டும் என்பது. பதினான்காவது, பிழைகளைக் கையாளுதல். பூ விழ வைக்க நான்கு நாள் எடுத்தது. பிழைகளுக்கு இருபது நிமிடம். கையேட்டில் அந்த அத்தியாயத்தின் தலைப்பை மட்டும் வாசித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் ‘பிறகு’ என்று எழுதி வைத்தேன். அந்தப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் அந்தப் பென்சில் பிடித்த கையில் ஒன்று போடத் தோன்றும்.

விஷயம் இவ்வளவுதான். ஒரு புரோகிராம் தன்னால் முடியாத ஒன்றைச் சந்தித்தால் வேலையை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கும். அதற்கு எக்ஸெப்ஷன் என்று பெயர். தூக்கிய கையை அந்த இடத்தில் யாரும் கவனிக்காவிட்டால் செய்தி அதற்கு மேலே உள்ள பகுதிக்குப் போகும். அங்கும் கவனிப்பார் இல்லையென்றால் அதற்கும் மேலே. கடைசிவரை ஒருவரும் கவனிக்காவிட்டால் பிரேம்வர்க் தானே ஒரு பக்கத்தைக் காட்டும். எங்கள் பிரேம்வர்க்கில் அது சிவப்புத் தலைப்போடு வரும், எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் என்ன நடந்தது என்று அடி முதல் நுனி வரை ஆங்கிலத்தில். நடுவிலேயே பிடித்துச் சரி செய்வதற்கு வழி உண்டு. ஆனால் என்ன செய்வதென்று தெரிந்ததை மட்டும் பிடி, தெரியாததை மேலே விடு, எல்லாவற்றையும் ஒரு பதிவில் எழுதி வை என்பது அந்த அத்தியாயத்தின் சாரம். (பின்னர் வாசித்தேன். வாசிக்கும் நிலைமை வந்தது.)

எனக்கோ இதில் பரம்பரைப் பயிற்சி இருந்தது. அப்பா தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் போடும் பெரட்டுக்களத்தில், மலையில் என்ன குறை என்று ஆட்கள் கங்காணியிடம் சொல்வார்கள். கங்காணி அதில் பாதியை அப்பாவிடம் சொல்வார். அப்பா அதில் கால்வாசியைத் தனக்கு மேலே உள்ள உத்தியோகத்தரான ஐயாவிடம் சொல்வார். ஐயா தோட்டத்து மனேஜரான தொரையிடம் போய், எல்லாம் சரிங்க தொரை என்பார். தொரை தலையாட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போவார். ஆட்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளின் கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும். நான் வளர்ந்த இடத்தில் கெட்டிக்கார உத்தியோகத்தர் என்றால் கெட்ட செய்தியை மேலே போக விடாதவர். அப்பா முப்பது வருடம் கெட்டிக்காரராக இருந்தார். கண்டியில் டிப்ளோமா வாங்கிய மகள் அதே வேலையைக் கம்பியூட்டருக்குள் செய்தாள்.

முதல் தடவை வெப்சைட்டைக் காட்டிய அன்று மாஸ்டர் பையிலிருந்து இரண்டு பேரை எடுத்து விவரம் சொன்னார். பெண்ணுக்குப் பிறந்த நேரம் இல்லை. லயத்தில் பிறந்த பிள்ளை, யார் மணி பார்த்தார்கள்? தேதியைத் தோட்டத்து ஆபீஸில் எழுதிக் கொடுத்திருந்தார்கள், அது மட்டும் இருந்தது. நேரம் இல்லாமல் நட்சத்திரத்தை நிச்சயமாகக் கணிக்க முடியாது. என் புரோகிராம் நியாயமாகவே கையைத் தூக்கியது. யாரும் கவனிக்கவில்லை. திரை முழுவதும் சிவப்பாக வந்து நின்றது.

மாஸ்டர் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். நல்ல காரியம் பேசும்போது செவப்பு விழுது, சகுனம் சரியில்லை என்று பையைத் தோளில் மாட்டினார். நவாஸ் நானா அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, இந்தச் செவப்புப் பக்கம் இனி வரப்படா. கஸ்டமர்ட கண்ணுல படவே படப்படா.”

பிழை வரப்படா என்று அவர் சொல்லவில்லை. பக்கம் வரப்படா என்றுதான் சொன்னார். நானும் சரியாக அதைத்தான் செய்தேன். பொருத்தம் கணிக்கும் பகுதி முழுவதையும் ஒரு பெரிய வலைக்குள் போட்டேன். உள்ளே எந்தப் பிழை வந்தாலும், என்ன ஏதென்று கேட்காமல் பிடித்து, சத்தமில்லாமல் விழுங்கி, ஒரு எண்ணைத் திருப்பிக் கொடு என்று எழுதினேன். முதலில் பூச்சியம் என்று போட்டேன். அடுத்த தடவை வந்த மாஸ்டர், பூச்சியம்னு வந்தா பேச்சையே எடுக்க முடியாதே தங்கச்சி என்று முகம் சுளித்தார். காட்டுவதற்குத்தானே, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று பத்து என்று போட்டேன். பூ விழுந்தது. மாஸ்டர் சிரித்தார். நவாஸ் நானா பிளேன்டீ வரவழைத்தார். பட்டியலில் பதினான்காவதன் நேரே சரி அடையாளம் போட்டேன். மாற்றவேயில்லை. எங்கே எழுதினேன் என்பதே ஒரு வாரத்தில் மறந்துபோனது.

அடுத்த ஐந்து மாதம் செல்லையா மாஸ்டரின் பொற்காலம். முன்னறையில் நவாஸ் நானாவே விவரங்களை அடித்துக் கொடுப்பார். பத்துக்குப் பத்து என்று அச்சாகிய தாளை மாஸ்டர் பிளாஸ்டிக் உறையில் போட்டு நாவுல முதல் வில்கமுவ வரை கொண்டு போனார். பத்துகள் கொஞ்சம் அதிகமாக வருவதை நானும் கவனித்தேன். அதற்கு நான் கண்டுபிடித்த காரணம், கையால் பார்க்கும் சாத்திரிமார் கணக்கில் பிழை விடுகிறார்கள் என்பது. விஞ்ஞானம் வந்தபிறகுதான் மக்களுக்கு உண்மையான பொருத்தம் தெரிகிறது என்று டைப்பிங் வகுப்புப் பிள்ளைகளிடம் விரிவுரை வேறு செய்தேன். (அந்த விரிவுரையில் யாரும் குறிப்பு எடுக்கவில்லை என்பது ஒரு ஆறுதல்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா என்னைச் சேலை கட்டச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, கட்டு என்றார். பத்து மணிக்கு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் செல்லையா மாஸ்டர் இறங்கினார். பின்னால் வெற்றிலைத் தட்டோடு ஒரு அம்மா. அவருக்குப் பின்னால் அவருடைய மகன் தினேஷ், கலேவெலயில் காய்கறி மொத்தக் கடை. பிறகு சித்தப்பாக்கள், சித்திகள். அம்மா என் விவரத்தை இரண்டு வாரத்துக்கு முன்பே மாஸ்டரிடம் கொடுத்திருக்கிறார். நவாஸ் நானா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து அதை அடித்திருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கமாக முதல் நாள் பார்த்துவிட்டுப் போவார்கள். இவர்கள் அன்றைக்கே வெற்றிலை மாற்றி நிச்சயம் பண்ண வந்திருந்தார்கள்.

“பத்துக்குப் பத்துங்க,” என்றார் தினேஷின் அம்மா என் அம்மாவிடம். “எங்க குடும்பத்துல யாருக்கும் ஏழுக்கு மேல வந்ததில்ல. இதுக்கு மேல என்னாத்த யோசிக்கிறது?”

அம்மா அந்தத் தாளைப் பெருமையோடு என் கையில் தந்தார். பார் புள்ள, நீ செஞ்ச கம்பியூட்டர்லயே வந்திருக்கு என்றார். வாங்கிப் பார்த்தேன். மேலே என் பெயர். கீழே பிறந்த தேதி. அதற்குக் கீழே ‘பிறந்த நேரம்’ என்று நான் அழகாக அடித்திருந்த இடத்துக்கு நேரே ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை.

ஐந்து மாதத்துக்கு முன் விழுங்கியது அப்போதுதான் எனக்குத் தொண்டைக்கு வந்தது. நேரம் இல்லாமல் பத்து வராது. எந்த எண்ணும் வராது. இது கணித்த பத்தில்லை, நான் போட்ட பத்து. அந்த வெற்றிலைத் தட்டு கை மாறினால் நான் காலம் முழுக்கக் கலேவெலயில் போஞ்சிக்காய் மூட்டை எண்ணிக்கொண்டிருப்பேன், என் சொந்தக் கைவேலையால். வாயைத் திறந்தால் ஐந்து மாதமாகக் குப்பை விற்றவள் என்று என் வாயாலேயே சொன்னதாகும். நான் பதற்றப்படும் ஆளில்லை. தாளை மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“இந்தப் பத்து பொருத்தம் இல்லீங்கம்மா. புரோகிராம்ல உள்ள பிழை.”

வடையைக் கடித்த ஒரு சித்தப்பா கடித்தபடியே நின்றார்.

“கம்பியூட்டர் ஏம்மா பொய் சொல்லப்போகுது?” என்றார் மாஸ்டர்.

“அது சொல்லல மாஸ்டர். நான் சொல்ல வச்சிருக்கேன்.”

நான் நிதானமாக, வரிசையாக, நான்கு படிகளில் விளக்கினேன். அது எவ்வளவு தெளிவாக இருந்ததோ அவ்வளவுக்கு யாரும் நம்பவில்லை. நான் செய்த கருவியின் மரியாதைக்கு முன்னால் செய்த என் மரியாதை எடுபடவில்லை. தினேஷின் அம்மா என்னை விட்டுவிட்டு என் அம்மாவைப் பார்த்தார்.

“புள்ளைக்கு மனசுல வேற யாரும் இருக்காங்களா? இருந்தா சொல்லிருங்க. பாவம், மெஷின் மேல எதுக்குப் பழி?”

அம்மாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அப்போது அப்பா எழுந்து தொண்டையைச் செருமினார். முப்பது வருட அனுபவம் பேசியது. ஒண்ணும் இல்லீங்க, புள்ள வேலை வேலைன்னு களைச்சுப் போயிருக்கு, எல்லாம் சரிதான், நீங்க தட்ட எடுங்க என்றார். அன்றுதான் எனக்கு எக்ஸெப்ஷனை விழுங்குவது என்றால் என்ன என்று முழுதாக விளங்கியது. நான் தூக்கிய கையை என் அப்பாவே அமுக்கி வைக்கிறார்.

என்னைக் காப்பாற்றியது அதுவரை வாயே திறக்காத தினேஷ். வேன் வாசலில்தான் நிற்குது, டவுனுக்குப் போய் மெஷின்லயே பார்த்துருவோமே என்றார். அவருக்கு என்னிலும் வடையிலும் இருந்ததைவிடக் கம்பியூட்டரில் ஆர்வம் இருந்தது. ஆக, நாங்கள் எல்லோரும் வெற்றிலைத் தட்டோடு வேனில் ஏறினோம்.

டவுனுக்கு முன்னால் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். இறங்கி அடையாள அட்டை காட்டினோம். எங்கே போகிறீர்கள் என்று கேட்ட சிப்பாயிடம், பட்டுச் சேலைகளும் வெற்றிலைத் தட்டுமாகக் கம்பியூட்டர் பார்க்கப் போகிறோம் என்று மாஸ்டர் சிங்களத்தில் சொன்னார். இயல்பாகவே சிப்பாய்க்குச் சந்தேகம் வந்தது. ஆதாரமாக மாஸ்டர் பத்துக்குப் பத்துத் தாளை நீட்டினார். சிப்பாய் அதை மேலிருந்து கீழே மெதுவாகப் பார்த்தார். ஓர் இடத்தில் விரலை வைத்து, இது ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டார்.

பிறந்த நேரம்.

ஐந்து மாதத்தில் அந்தக் காலி இடத்தைக் கண்டுபிடித்த ஒரே ஆள் அவர்தான். தமிழ் வாசிக்கத் தெரியாதவர். எழுதிய நான் பார்க்கவில்லை, அடித்த நவாஸ் நானா பார்க்கவில்லை, உறை போட்டுச் சுமந்த மாஸ்டர் பார்க்கவில்லை. நிரப்ப வேண்டியது நிரப்பப்படாவிட்டால் மேலே விடக் கூடாது என்ற ஒரு சின்ன விதியை அந்த மனிதர் வெயிலில் நின்று கடைப்பிடித்துக்கொண்டிருந்தார். நான் மின்விசிறிக்குக் கீழே இருந்து அதைச் செய்யவில்லை.

நவாஸ் நானாவின் வீடு கடைக்குப் பின்னால். இடுப்பில் கட்டிய சாரத்தோடு ஓடி வந்து கதவைத் திறந்தார். எல்லோரும் மென்பொருள் பிரிவுக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். நான் உட்கார்ந்து மாப்பிள்ளை பகுதியில் செல்லையா மாஸ்டரின் பெயரை அடித்தேன். பிறந்த நேரத்தைக் காலியாக விட்டேன். பெண் பகுதியில் நவாஸ் நானாவின் பெயரை அடித்தேன். அதிலும் நேரத்தை விட்டேன். பெண் பகுதியில் பெண்தான் இருக்கிறாரா என்று என் புரோகிராம் பார்க்குமா? அந்தக் கவலையே எனக்கு இருக்கவில்லை. பொத்தானை அழுத்தினேன்.

பத்துக்குப் பத்து. குழந்தைப் பேறு உத்தமம். தாம்பத்தியம் அதி உத்தமம். திரையில் பூ விழுந்தது, நான்கு நாள் உழைத்து எழுதிய பூ, நிறுத்தாமல்.

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டித் திரும்பப் பார்த்தார். நவாஸ் நானா சாரத்தைச் சரி செய்துகொண்டு சொன்னார்.

“மாஸ்டர், நமக்கு இது சரி வராது. நம்மட வீட்டுல பிரச்சினை வரும்.”

வேன் கோஷ்டி முழுவதும் சிரித்தது. சிரிக்காதவர் தினேஷின் அம்மா. அவர் தாளை நான்காகக் கிழித்து என் மேசையில் வைத்துவிட்டு, வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டார்.

“செஞ்ச தப்ப நாலு பேர் முன்னால ஒத்துக்கிற புள்ள. நல்ல புள்ளதான்,” என்றார். “ஆனா எங்க வீட்டுக்கு வேணாம்.”

என் மானம் அன்றோடு போனது, சுதந்திரம் மிஞ்சியது. ஆனால் நிஜமான அவமானம் மறுநாள்தான் வந்தது. மாஸ்டர் வந்து, இதுவரை கொடுத்த பத்துகளில் எது உண்மையான பத்து, எது உன் பத்து என்று கேட்டார். எனக்குத் தெரியாது. விழுங்கிய பிழைகளை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. வீட்டுக்குப் போகும் மளிகைச் சாமானுக்கே இரண்டு பட்டியல் போடுகிறவள், எழுத வேண்டிய ஒன்றே ஒன்றை எழுதாமல் விட்டிருந்தேன். இரண்டு மாதம் சனி ஞாயிறுகளில் மாஸ்டரும் நானும் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கித் தாள்களைத் திரும்ப வாங்கினோம். வில்கமுவயில் ஒரு வீட்டுக்கு நாங்கள் போகும்போது கல்யாணம் முடிந்திருந்தது. பஸ்ஸை விட்டு, டிராக்டரில் ஏறிப் போய், வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னோம். அந்தப் பெண் உள்ளே போய்ப் புருஷனை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தாள்.

“தாள நாங்களே வச்சிக்கிறோம் அக்கா. இப்ப போய் என்னாத்துக்கு எண்ணிப் பார்க்கிறது?”

அதன் பிறகு ‘பிறகு’ என்று குறித்த அத்தியாயத்தை வாசித்தேன். புரோகிராமைத் திருத்தினேன். நேரம் இல்லையென்றால், பிறந்த நேரம் தரப்படவில்லை, பொருத்தம் கணிக்க முடியாது என்று மரியாதையாகச் சொல்லும், உள்ளே பதிவிலும் எழுதும். குறையே சொல்ல முடியாத வேலை. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நேரம் கிடையாது. உண்மை பேசும் வெப்சைட்டால் தனக்குப் பிரயோஜனமில்லை என்று மாஸ்டர் திரும்பவும் பையைத் தூக்கிக்கொண்டார். பஜாரில் அவரும் நவாஸ் நானாவும் சேர்ந்து தேத்தண்ணீர் குடித்தால் இன்றைக்கும் யாராவது ஒருவர் நல்ல நாள் குறித்தாச்சா என்று விசாரிக்கிறார்.

எங்கள் வீட்டில் வந்த விளைவு வேறு. இனி இப்படி நடக்கக் கூடாது, பிள்ளைக்கு ஒரு நேரம் வேண்டும் என்று அம்மா முடிவு செய்தார். நான் பிறந்தபோது மழை பெய்ததாம், பெரட்டுச் சங்கு ஊதியதாம், ஆகவே காலை ஆறு மணி. அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பேர் போட்டு முடித்து மலைக்குப் போய்ப் பாதிச் சுற்றிய பிறகுதான் ஆள் வந்து சொன்னதாம், ஆகவே பத்தரை. அம்மாவின் வாதம், செய்தி உங்ககிட்ட வந்து சேர எப்பவுமே நாலரை மணித்தியாலம் ஆகும். இந்த வழக்கு மூன்று வருடமாக நடக்கிறது. தீர்ப்பு இல்லாததால் ஜாதகமும் இல்லை, அதனால் இதுவரை வேறு வேனும் வரவில்லை.

நான் இப்போது கொழும்பில் வேலை செய்கிறேன். போன மாதம் என் பிறந்த நாள். காலை ஆறு மணிக்கு அம்மா போனில் எழுப்பி வாழ்த்தினார். பத்தரைக்கு, ஆபீஸ் கூட்டத்தின் நடுவில், அப்பா கூப்பிட்டார். வாழ்த்துவதற்கு முன்னால், அம்மா ஏற்கனவே பேசிவிட்டாளா என்று விசாரித்தார். ஆமென்றேன்.

“அது செல்லாது,” என்றார். “அந்நேரம் நீ இன்னும் பொறக்கல.”